கெஞ்சி மிசோகுச்சி

கெஞ்சி மிசோகுச்சி (மே 16, 1898 – ஆகஸ்ட் 24, 1956) ஒரு புகழ்பெற்ற ஜப்பானியத் திரைப்பட இயக்குநர் ஆவார். ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயரை முதலில் இட்டு மிசோகுச்சி கெஞ்சி என்றும் எழுதப்படுகிறார். யசுஜிரோ ஓசு, அகிரா குரோசாவா ஆகியோருடன் சேர்த்து ஜப்பானியத் திரைப்படக் கலையின் மூன்று பெரும் இயக்குநர்களுள் ஒருவராக இவர் எண்ணப்படுகிறார். 1923 முதல் 1956 வரையான காலத்தில் சுமார் 90 படங்களை இயக்கினார். அவற்றுள் ஏறத்தாழ 30 படங்களே இன்று எஞ்சியுள்ளன.

வெட்டின்றி நீண்டு செல்லும் காட்சிகள், பாத்திரங்களிடமிருந்து விலகி நிற்கும் கேமரா, ஆண்களின் உயர்வுக்காகவும் குடும்பத்தின் நலனுக்காகவும் விலை கொடுக்கும் பெண்களின் கதைகள் ஆகியவை இவரது படங்களின் அடையாளங்களாகும். இவரது திரைப்பாணியையும் கருப்பொருளையும் பிரித்துப் பார்க்க இயலாது என்பது பல ஆய்வாளர்களின் கருத்தாகும்.

இளமைக்காலம்

மிசோகுச்சி டோக்கியோ நகரின் ஹோங்கோ பகுதியில் பிறந்தார். தந்தை செந்தாரோ கூரை வேயும் தச்சர். ரஷ்ய–ஜப்பானியப் போரின்போது (1904–1905) படைவீரர்களுக்கு மழையங்கிகள் விற்கும் தொழிலில் அவர் கைப்பொருளை முடக்கினார். போர் விரைவில் முடிந்ததால் தொழில் நொடித்தது. குடும்பம் வறுமையில் வீழ்ந்து, அசாகுசா பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

இவ்வறுமையின் முதற் பலி மிசோகுச்சியின் தமக்கை சுசு ஆவார். தம்பியை விட ஏழு ஆண்டுகள் மூத்தவரான சுசு தத்துக் கொடுக்கப்பட்டுப் பின்னர் கெய்ஷா இல்லம் ஒன்றுக்கு விற்கப்பட்டார். கெய்ஷா என்போர் இசை, நடனம், உரையாடல் ஆகியவற்றில் பயிற்சி பெற்று விருந்துகளில் விருந்தினரை மகிழ்விக்கும் பெண்கள் ஆவர். அக்காலத்தில் வறிய குடும்பத்துப் பெண்கள் பலர், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக இத்தொழிலில் சேர்க்கப்பட்டனர். சுசு பின்னாளில் உயர்குடிப் பிரபு ஒருவரின் ஆதரவில் வாழ்ந்து, பின்பு அவரையே மணந்தார்.

மிசோகுச்சியின் பள்ளிக் கல்வி தொடக்கப் பள்ளியுடன் முடிவடைந்தது. 1911இல் வடக்கே மொரியோக்கா நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அங்கு அப்படிப்பை நிறைவு செய்தார். இளமையில் தாக்கிய முடக்குவாதம் இவரது நடையில் வாழ்நாள் முழுதும் தடம் பதித்தது. டோக்கியோ திரும்பிய இவரை, பருத்தி ஆடைகளுக்குக் கோலம் வரையும் கலைஞர் ஒருவரிடம் தமக்கை தொழில் பழகச் சேர்த்தார். 1915இல் தாய் மாசா இறந்தபின், தம்பியர் இருவரையும் சுசுவே தம் பொறுப்பில் ஏற்றார். அடுத்த ஆண்டு மேலைநாட்டு ஓவியம் கற்பிக்கும் அஓய்பாஷி ஓவியப் பள்ளியில் மிசோகுச்சி சேர்ந்தார்.

விற்கப்பட்ட தமக்கையின் வருவாயில் தம்பி கலை பயின்றான் என்னும் இச்செய்தி, இவரது படங்களை அறிய விரும்புவோர் மறவாதிருக்க வேண்டியதாகும். தந்தை மீது மிசோகுச்சி கொண்ட வெறுப்பும், தமக்கை மீது கொண்ட நன்றியுணர்வும் பின்னர் பல கதைகளில் வேறு வேறு உருவங்களில் வெளிப்பட்டன.

திரைப்படத்துறையில் நுழைவு

1918இல் கோபே நகரின் நாளிதழ் ஒன்றில் விளம்பர ஓவியராகச் சிறிது காலம் பணியாற்றிய மிசோகுச்சி, 1920இல் டோக்கியோவின் முக்கோஜிமாவில் இருந்த நிக்கட்சு படப்பிடிப்பு நிலையத்தில் சேர்ந்து உதவி இயக்குநரானார். அக்கால ஜப்பானியப் படங்களில் கபுக்கி நாடக மரபைப் பின்பற்றிப் பெண் வேடங்களை ஆண்களே ஏற்றனர். நடிகைகளைப் பயன்படுத்தும் புதிய முறை பரவியபோது, 1922இல் நிக்கட்சுவின் பெண்வேட நடிகர்கள் நிறுவனத்தை விட்டு வெளியேறினர். இக்குழப்பத்தை அடுத்து 1923ஆம் ஆண்டு பெப்ரவரியில் மிசோகுச்சியின் முதற்படம் வெளியாயிற்று. இவர் அப்போது 24 வயது இளைஞர்.

1923 செப்டம்பர் 1 அன்று நிகழ்ந்த பெரும் காந்தோ நிலநடுக்கம் டோக்கியோவை அழித்தது. நிக்கட்சு தன் படப்பிடிப்பைக் கியோத்தோவுக்கு மாற்றியது. மிசோகுச்சியும் உடன் சென்றார். டோக்கியோவில் பிறந்து வளர்ந்த இவர், கியோத்தோ, ஒசாக்கா நகரங்கள் அடங்கிய கன்சாய் பகுதியின் பேச்சையும் பழக்கவழக்கங்களையும் அயலாரின் கண்களால் கூர்ந்து கற்றார். இவரது சிறந்த படங்கள் பலவும் இப்பகுதியைக் களமாகக் கொண்டவையாகும்.

மௌனப்படக் காலத்தில் இவர் துப்பறியும் கதை, பேய்க்கதை, குடும்பக்கதை எனக் கிடைத்தவற்றையெல்லாம் படமாக்கினார். 1923இல் வெளிவந்த ஒரு படத்தில் ஜெர்மானிய வெளிப்பாட்டுவாதப் பாணியைப் பின்பற்றினார். 1920களின் இறுதியில் தொழிலாளர் சார்பான இடதுசாரிப் படங்களையும் எடுத்தார். எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையது 1925ஆம் ஆண்டின் "ஊரின் பாட்டு" என்னும் படமாகும்.

அதே 1925இல் இவருடன் வாழ்ந்த பெண் ஒருவர், பூசலின் உச்சத்தில் சவரக்கத்தியால் இவரது முதுகில் வெட்டினார். செய்தித்தாள்களில் இது பரவலாக வெளிவந்ததால் நிறுவனம் இவரைச் சில காலம் பணியிலிருந்து விலக்கி வைத்தது. 1927இல் சியேகோ என்பவரை மணந்தார்.

1933இல் வெளிவந்த "தாக்கி நோ ஷிராய்தோ" (வெள்ளருவி) இவரது மௌனப்படங்களுள் சிறந்தது எனக் கருதப்படுகிறது. நீரைக் கொண்டு வித்தை காட்டும் பெண் ஒருத்தி, ஏழை இளைஞன் ஒருவனின் சட்டப்படிப்புக்குத் தன் வருவாயை அனுப்புகிறாள். பணமுடையில் சிக்கிக் கொலை செய்ய நேரும் அவளை, அரசு வழக்கறிஞராக உயர்ந்து வந்து விசாரிப்பவன் அதே இளைஞனே. 1935இல் வெளிவந்த "ஒரிசுரு ஓசென்" (காகிதக்கொக்கு ஓசென்) படமும் இதே வடிவினது: மாணவன் ஒருவனை மருத்துவனாக்கத் தன்னை விற்கும் பெண், இறுதியில் மனம் பேதலித்துத் தொடர்வண்டி நிலையத்தில் அவனாலேயே கண்டெடுக்கப்படுகிறாள்.

1936ஆம் ஆண்டின் இரு படங்கள்

தயாரிப்பாளர் மசாயிச்சி நகாத்தா 1934இல் தொடங்கிய தாயிச்சி எய்கா என்னும் சிறு நிறுவனத்தில் மிசோகுச்சிக்கு முன்னில்லாத உரிமை கிடைத்தது. கியோத்தோவைச் சேர்ந்த திரைக்கதை ஆசிரியர் யொஷிகாத்தா யோதாவுடன் இணைந்ததும் இங்குதான். இக்கூட்டு மிசோகுச்சியின் இறுதிக்காலம் வரை நீடித்தது. 1936இல் இவர்கள் அடுத்தடுத்து உருவாக்கிய இரு படங்கள் ஜப்பானியத் திரையில் யதார்த்தவாதத்தின் திருப்புமுனையாகக் கொள்ளப்படுகின்றன. இரண்டிலும் இசுசு யமாதா முதன்மை வேடமேற்றார்.

"நானிவா எரெஜி" (ஒசாக்கா இரங்கற்பா) படத்தின் நாயகி அயாகோ, மருந்து நிறுவனம் ஒன்றில் தொலைபேசி இணைப்பாளர். தந்தை கையாடிய பணத்தைத் திருப்பிச் செலுத்துவதற்காக முதலாளியின் ஆசைநாயகியாகிறாள். பின்னர் அண்ணனின் கல்விக் கட்டணத்துக்காக வேறொருவனை ஏமாற்றுகிறாள். காவல்துறை அவளைப் பிடித்து விடுவித்தபின் வீடு திரும்பும்போது, அவளால் பயனடைந்த அதே குடும்பம் அவளோடு உணவருந்தவும் மறுக்கிறது. இரவில் பாலத்தின் மீது தனியே நடந்து கேமராவை நோக்கி வரும் அவளது முகத்துடன் படம் முடிகிறது. அண்மைக் காட்சிகளைத் தவிர்க்கும் இயக்குநர் இங்கு ஒன்றைப் பயன்படுத்தியதால் அது தனி வலிமை பெறுகிறது.

"கியோன் சகோதரிகள்" கியோத்தோவின் கியோன் பகுதியில் வாழும் இரு கெய்ஷாக்களைப் பற்றியது. மூத்தவள் உமேகிச்சி பழைய நெறிப்படி, நொடித்துப்போன தன் புரவலருக்கு உண்மையாக இருக்கிறாள். இளையவள் ஒமோச்சா ஆண்கள் தம்மைப் பயன்படுத்துவதுபோல் தாமும் அவர்களைப் பயன்படுத்த வேண்டும் என எண்ணிச் செயல்படுகிறாள். இறுதியில் மூத்தவளைப் புரவலர் கைவிட்டுச் செல்கிறார். இளையவள் பழிவாங்கப்பட்டு, ஓடும் காரிலிருந்து விழுந்து மருத்துவமனையில் கிடக்கிறாள். பணிந்தாலும் எதிர்த்தாலும் தோல்வியே என்னும் நிலையில், கெய்ஷா என்னும் தொழில் ஏன் இருக்க வேண்டும் என்ற அவளது கேள்வியோடு படம் நின்றுவிடுகிறது. கினெமா ஜுன்போ இதழ் இதனை அவ்வாண்டின் சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தது. ஆயினும் தாயிச்சி எய்கா அவ்வாண்டே மூடப்பட்டது.

போர்க்காலம்

1937 முதல் சீனாவுடனான போர் விரிவடைய, திரைப்படங்கள் மீது அரசின் கட்டுப்பாடும் இறுகியது. சமகால வாழ்வைக் கடுமையாகச் சித்திரிக்க இடமில்லாத நிலையில், மிசோகுச்சி மெய்ஜி காலக் கலைஞர்களின் கதைகளை நாடினார். இவற்றுள் தலைசிறந்தது 1939இல் ஷோச்சிக்கு நிறுவனத்துக்காக எடுத்த "கடைசிச் செவ்வந்திகளின் கதை" ஆகும். புகழ்மிக்க கபுக்கிக் குடும்பத்தின் வளர்ப்பு மகன் கிக்குனோசுகேவிடம் அவன் நடிப்பு நன்றாக இல்லை என உண்மையைக் கூறும் ஒரே ஆள், அவ்வீட்டில் கைக்குழந்தைக்குப் பாலூட்டும் பணிப்பெண் ஓதோக்கு. அவனோடு வெளியேறி, வறுமையில் உழன்று, அவன் கலையில் தேர்ச்சி பெறும்வரை துணைநின்று, அவன் குடும்பத்தோடு மீண்டும் சேர்வதற்காகத் தானே விலகுகிறாள். அவன் படகு ஊர்வலத்தில் நின்று மக்களின் வாழ்த்தை ஏற்கும் நேரத்தில், அவள் மாடியறை ஒன்றில் உயிர் துறக்கிறாள்.

1940இல் எடுத்த "நானிவா ஒன்னா" (ஒசாக்காப் பெண்) படத்தில் நடிகை கினுயோ தனாக்கா முதன்முறையாக இவரது இயக்கத்தில் நடித்தார். இப்படம் இன்று கிடைப்பதில்லை. 1941–1942இல் "கென்ரோக்கு சூஷிங்குரா" என்னும் இருபாகப் படத்தை எடுத்தார். இறந்த தலைவனுக்காகப் பழிதீர்க்கும் 47 சாமுராய்களின் கதை நாட்டுப்பற்றை ஊட்டும் என அரசு எதிர்பார்த்தது. மிசோகுச்சியோ எதோ கோட்டையின் தாழ்வாரத்தை உண்மை அளவில் கட்டியெழுப்பி, நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படத்தில் போர்க்காட்சியையே தவிர்த்தார். பழிதீர்த்த செய்தி ஒரு கடிதத்தின் வாயிலாகவே தெரிவிக்கப்படுகிறது. படம் வணிக அளவில் தோல்வியுற்றது.

இப்படப்பிடிப்பின் காலத்தில், 1941இல் இவரது மனைவி சியேகோ மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் மீண்டும் இல்லம் திரும்பவில்லை.

போருக்குப் பிந்தைய காலம்

1945இல் ஜப்பான் சரணடைந்த பின் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம், நிலவுடைமைக் கால விழுமியங்களைப் போற்றும் எனக் கருதி வரலாற்றுப் படங்களை ஐயத்துடன் நோக்கியது. பெண்விடுதலைக் கருத்துள்ள படங்களை ஊக்குவித்தது. மிசோகுச்சி இக்காலத்தில் வழக்கறிஞரான பெண், நாடக நடிகை, அரசியல் இயக்கத்தில் ஈடுபட்ட பெண் ஆகியோரை நாயகியராகக் கொண்ட படங்களை எடுத்தார். 1948ஆம் ஆண்டின் "இரவுப் பெண்கள்" ஒசாக்காவின் இடிபாடுகளிடையே உடலை விற்றுப் பிழைக்கும் பெண்களைக் காட்டியது. ஆயினும் இக்காலப் படங்கள் பல ஏற்றத்தாழ்வுடையவை எனவும், மிசோகுச்சி தம் வழியை இழந்துவிட்டார் எனவும் அன்று பேசப்பட்டது.

1951இல் குரோசாவாவின் "ராஷோமோன்" வெனிசு திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருது பெற்றது. தம்மைவிட 12 ஆண்டுகள் இளையவர் பெற்ற இவ்வெற்றி மிசோகுச்சியைத் தூண்டியது எனக் கூறுவர். 1952இல் ஷின்தோஹோ நிறுவனத்துக்காக, 17ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் இஹாரா சைகாகுவின் புதினத்தைத் தழுவி "ஓஹாருவின் வாழ்க்கை"யை எடுத்தார். அரண்மனைப் பணிப்பெண்ணான ஓஹாரு தாழ்குலத்தான் ஒருவனைக் காதலித்த குற்றத்துக்காகக் குடும்பத்தோடு நாடு கடத்தப்படுகிறாள். பின்னர் பிரபு ஒருவருக்கு வாரிசு பெற்றுத்தந்ததும் துரத்தப்படுகிறாள். தந்தையால் பரத்தையர் இல்லத்துக்கு விற்கப்படுகிறாள். படிப்படியாக வீழ்ந்து, இறுதியில் வீடுவீடாகப் பிச்சையேற்கும் துறவியாகிறாள். கினுயோ தனாக்கா இளம்பெண்ணாகவும் முதிர்ந்த விலைமகளாகவும் இதில் நடித்தார். படம் வெனிசில் சர்வதேச விருது பெற்றது.

வெனிசு விருதுகளும் இறுதி ஆண்டுகளும்

நகாத்தா தலைமையேற்றிருந்த தாயெய் நிறுவனத்தில், ஒளிப்பதிவாளர் கசுவோ மியகாவா, இசையமைப்பாளர் ஃபுமியோ ஹயசாக்கா, கலை இயக்குநர் ஹிரோஷி மிசுத்தானி முதலியோருடன் மிசோகுச்சி தம் முதிர்ந்த படங்களை உருவாக்கினார்.

"உகெத்சு மொனொகத்தாரி" (மழைநிலாக் கதைகள், 1953) 18ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் உவேதா அக்கினாரியின் பேய்க்கதைகளைத் தழுவியது. உள்நாட்டுப் போரின் நடுவே செல்வம் தேடிச் செல்லும் குயவன் கென்ஜூரோ, வாகாசா என்னும் சீமாட்டியின் மாளிகையில் தங்கிவிடுகிறான். அவள் உயிருள்ளவள் அல்லள் என்பது பின்னரே தெரியவருகிறது. அதற்குள் அவன் மனைவி மியாகி பசித்த வீரர்களால் கொல்லப்பட்டுவிடுகிறாள். மற்றொரு தம்பதியின் கதை இன்னும் கசப்பாக முடியவேண்டும் என மிசோகுச்சி விரும்பினார். நிறுவனத்தின் விருப்பத்துக்காக அது மென்மையாக்கப்பட்டது. வெனிசில் அவ்வாண்டு தங்கச் சிங்கம் வழங்கப்படாத நிலையில் இப்படம் வெள்ளிச் சிங்கம் பெற்றது. விழாவுக்கு மிசோகுச்சி நேரில் சென்றிருந்தார்.

"சான்ஷோ தாயூ" (கண்காணிப்பாளன் சான்ஷோ, 1954) மோரி ஓகாயின் 1915ஆம் ஆண்டுச் சிறுகதையைத் தழுவியது. நேர்மையான ஆளுநரின் மனைவி தமாக்கியும் இரு மக்களும் ஆட்கடத்துவோரிடம் சிக்கிப் பிரிக்கப்படுகின்றனர். தாய் தொலைவில் உள்ள சாதோ தீவில் விலைமகளாகிறாள். மக்கள் அடிமைப் பண்ணையில் வளர்கின்றனர். மூலக்கதையில் அக்காவான அஞ்சு படத்தில் தங்கையாக மாற்றப்பட்டுள்ளாள். அண்ணன் சுஷியோ தப்பிச் செல்வதற்காக அவள் குளத்தில் இறங்கி உயிர் விடுகிறாள். இப்படமும் வெள்ளிச் சிங்கம் பெற்றது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வெனிசில் விருது பெற்றது அரிய சாதனையாகும்.

"சிக்காமாட்சு மொனொகத்தாரி" (1954), வண்ணத்தில் எடுத்த "யாங் குவேய்-பெய்" (1955), "புதிய ஹெய்கே கதை" (1955) ஆகியவற்றுக்குப் பின், 1956 மார்ச்சில் "அகாசென் சித்தாய்" (செங்கோட்டுப் பகுதி) வெளிவந்தது. பரத்தமை அனுமதிக்கப்பட்ட பகுதிகளைக் காவல்துறை வரைபடத்தில் சிவப்புக் கோட்டால் குறித்ததால் இப்பெயர் வழங்கியது. டோக்கியோவின் யொஷிவாராவில் ஓர் இல்லத்தில் பணிபுரியும் ஐந்து பெண்களின் கதை இது. பரத்தமைத் தடைச் சட்டம் பற்றிய அன்றைய நாடாளுமன்ற விவாதம் கதையின் பின்னணியில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. புதிதாக வந்த சிறுமி ஒருத்தி கதவோரம் பாதி மறைந்து நின்று, முதல் வாடிக்கையாளனைத் தயக்கத்தோடு கூப்பிடுவது இறுதிக் காட்சி. படம் வெளிவந்த இரண்டு மாதங்களில், 1956 மே மாதம் அச்சட்டம் நிறைவேறியது. இதற்கு இப்படமும் ஒரு காரணம் என்று கூறுவோர் உண்டு.

இதுவே மிசோகுச்சியின் இறுதிப்படமாக அமைந்தது. இரத்தப் புற்றுநோயால் தாக்குண்ட இவர் 1956 ஆகஸ்ட் 24 அன்று கியோத்தோவில் தமது 58ஆம் வயதில் காலமானார். இவர் தொடங்கவிருந்த "ஒசாக்காக் கதை" கோசாபுரோ யொஷிமுராவின் இயக்கத்தில் 1957இல் வெளிவந்தது.

திரைப்பாணி

ஒரு காட்சி, ஒரு ஷாட்

கேமரா ஓடத் தொடங்கியதிலிருந்து நிறுத்தப்படும் வரை தடையின்றிப் பதிவாகும் பகுதி ஷாட் எனப்படும். வழக்கமான படங்களில் ஒரு காட்சி பல ஷாட்டுகளாகப் பிரித்து எடுக்கப்பட்டு, படத்தொகுப்பில் இணைக்கப்படும். பேசுபவர் முகம், கேட்பவர் முகம் என மாறிமாறிக் காட்டுவது இவ்வாறே. மிசோகுச்சி 1930களில் இருந்து இம்முறையை விலக்கி, இயன்றவரை ஒரு காட்சியை ஒரே ஷாட்டில் எடுக்கும் முறையை வளர்த்தார். நடிகரின் உணர்ச்சி துண்டிக்கப்படாமல் தொடர்ந்து பெருகுவதற்கு இது வழிசெய்தது.

"கடைசிச் செவ்வந்திகளின் கதை"யில் கிக்குனோசுகேவும் குழந்தையை ஏந்திய ஓதோக்குவும் இரவில் தெருவோரம் நடந்து பேசும் காட்சி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கேமரா தாழ்வான பள்ளத்திலிருந்து இருவரையும் அண்ணாந்து பார்த்தபடியே சில நிமிடங்கள் வெட்டின்றி உடன் செல்கிறது.

தொலைவு

மிசோகுச்சியின் கேமரா பெரும்பாலும் முழு உருவமும் சுற்றுப்புறமும் தெரியும் தொலைவிலேயே நிற்கிறது. சுவர், தூண், காகிதக் கதவு ஆகியன மனிதரைப் பாதி மறைக்கின்றன. துயரம் உச்சமடையும் இடத்தில் பிற இயக்குநர்கள் முகத்தை நெருங்குவர். மிசோகுச்சியின் நாயகி முகத்தைத் திருப்பிக்கொள்வாள் அல்லது கேமரா பின்வாங்கும். அஞ்சு குளத்தில் இறங்கும் காட்சியில் அவளது மரணம் காட்டப்படுவதில்லை. நீர்ப்பரப்பில் விரியும் வளையங்கள் மட்டுமே தெரிகின்றன. பார்வையாளர் அழுவதற்கு அறிவுறுத்தப்படுவதில்லை. அப்பெண்ணை அந்நிலைக்குத் தள்ளிய வீட்டையும் தெருவையும் ஊரையும் சேர்த்துப் பார்க்குமாறு செய்யப்படுகின்றனர். இத்தொலைவு இரக்கமின்மை அன்று. ஒருவகை மரியாதை என்றே விமரிசகர்கள் பலர் கொள்கின்றனர்.

நகரும் கேமரா

மியகாவாவுடன் எடுத்த படங்களில் கேமரா கிரேன் என்னும் பாரந்தூக்கியின் மீது அமைந்து மெல்ல மிதந்து செல்கிறது. ஜப்பானின் மரபுவழிச் சுருள் ஓவியங்களை ஒருபுறம் விரித்தபடி மறுபுறம் சுருட்டிக்கொண்டே பார்ப்பது போன்ற அனுபவத்தை இது தருகிறது என்பர். "உகெத்சு"வில் வீடு திரும்பும் கென்ஜூரோ இருண்ட வெற்று வீட்டுக்குள் மனைவியைத் தேடி மறுவாயில் வழியே வெளியேறிச் சுற்றி வருகிறான். கேமரா வீட்டுக்குள்ளேயே அவனைத் தொடர்ந்து திரும்பி, மீண்டும் அதே இடத்துக்கு வரும்போது அங்கு அடுப்பெரிகிறது; மியாகி சமைத்துக்கொண்டிருக்கிறாள். வெட்டு எதுவும் இல்லாததால் இறந்தவளின் வருகை கண்முன் நிகழும் உண்மையாகவே தோன்றுகிறது.

பணிமுறை

மிசோகுச்சி உடனுழைப்போரைக் கடுமையாக வேலை வாங்கியவர். யோதாவிடம் திரைக்கதையைத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்வார். படப்பிடிப்புத் தளத்தில் கரும்பலகை வைத்து அன்றைய வசனங்களை அங்கேயே திருத்துவார். நடிகருக்கு எவ்வாறு நடிக்க வேண்டும் எனச் செய்து காட்டமாட்டார். சரியாக வரும்வரை ஒத்திகையைத் தொடரச் செய்வார். ஆடை, பாத்திரம், கட்டடம் ஆகியவை அக்காலத்துக்குப் பொருந்துமாறு அறிஞர்களைக் கலந்து ஆராய்வார்.

கருப்பொருள்

ஆணின் கல்வி, பதவி, கலை, விடுதலை ஆகிய ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பெண் செலுத்திய விலை உண்டு என்பது மிசோகுச்சியின் படங்களில் மீண்டும் மீண்டும் வரும் கருத்தாகும். வெள்ளருவி, ஓசென், அயாகோ, ஓதோக்கு, அஞ்சு என இவ்வரிசை நீள்கிறது. இது சுசுவின் வாழ்க்கையின் எதிரொலி எனப் பல வாழ்க்கை வரலாற்றாளர்கள் கருதுகின்றனர். பணம் இப்படங்களில் எப்போதும் தெளிவாகப் பேசப்படுகிறது. யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டுள்ளார், ஒரு பெண்ணின் விலை என்ன என்பன கதையை நகர்த்தும் செய்திகளாகும்.

விமரிசனங்கள்

மிசோகுச்சியைப் பெண்ணியவாதி எனக் கொள்ளலாமா என்பது நீண்டகால விவாதமாகும். 1936ஆம் ஆண்டின் படங்களும் "அகாசென் சித்தாய்"யும் பெண்களை ஒடுக்கும் அமைப்பை நேரடியாகச் சாடுகின்றன. ஆனால் ஓதோக்கு, மியாகி போன்றோரின் தியாகம் அழகுறக் காட்டப்படும்போது, அத்தியாகத்தை வேண்டும் சமூகமும் மறைமுகமாக ஏற்கப்படுகிறது எனப் பெண்ணிய விமரிசகர்கள் சுட்டுகின்றனர்.

இவரது சொந்த வாழ்வும் இவ்விவாதத்தில் இடம்பெறுகிறது. பரத்தையர் இல்லங்களுக்கு வழக்கமாகச் சென்று வந்தவர் இவர். தம் பல படங்களின் நாயகியான கினுயோ தனாக்கா இயக்குநராக முயன்றபோது, ஜப்பானியத் திரைப்பட இயக்குநர் சங்கத்தின் தலைவராக இருந்த மிசோகுச்சி அதனை எதிர்த்தார். இதனால் இருவருக்கும் இடையே பிளவு ஏற்பட்டது. எனினும் தனாக்கா 1953 முதல் ஆறு படங்களை இயக்கினார். பெண்களின் துயரை உணர்ந்து காட்டிய கலைஞர், உடனிருந்த பெண்ணின் உயர்வுக்குத் துணைநிற்காதது இவரது வாழ்வின் முரண்பாடாகும்.

தாக்கம்

1950களில் பிரான்சின் கையே து சினிமா இதழைச் சேர்ந்த இளம் விமரிசகர்கள் மிசோகுச்சியை உலகின் தலைசிறந்த இயக்குநர்களுள் ஒருவராகப் போற்றினர். ழான்-லுக் கொடார், ழாக் ரிவெத், எரிக் ரோமர் ஆகியோர் இவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். கொடாரின் "வெறுப்பு" (1963) படத்தில் கேமரா கடலை நோக்கித் திரும்பி முடிவது, "சான்ஷோ தாயூ"வின் இறுதிக் காட்சியை நினைவூட்டுவதாகக் கூறப்படுகிறது. ரஷ்ய இயக்குநர் ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி 1972இல் தமக்குப் பிடித்த பத்துப் படங்களுள் "உகெத்சு"வையும் சேர்த்தார். கிரேக்க இயக்குநர் தியோ ஆஞ்ஜெலோபூலோசின் நீண்ட ஷாட்டுகளிலும் இவரது தாக்கம் காணப்படுகிறது. பிரித்தானியாவின் சைட் அண்ட் சவுண்ட் இதழ் 1962, 1972 ஆகிய ஆண்டுகளில் விமரிசகர்களிடையே நடத்திய வாக்கெடுப்புகளில் "உகெத்சு" முதற் பத்துப் படங்களுள் இடம்பெற்றது.

ஜப்பானில், இவரிடம் பணிபுரிந்த இயக்குநர் கனேதோ ஷின்தோ, இவரை அறிந்தோர் பலரைப் பேட்டி கண்டு 1975இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். யோதாவும் தம் நினைவுகளை நூலாக எழுதினார்.

மௌனப்படங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டதால் மிசோகுச்சியின் வளர்ச்சியை முழுமையாக அறிய வழியில்லை. எஞ்சியவற்றைப் பாதுகாக்கும் முயற்சிகள் நடைபெற்றுள்ளன. "உகெத்சு" கதோக்காவா நிறுவனத்தாலும் மார்ட்டின் ஸ்கோர்செசி நிறுவிய திரைப்பட அறக்கட்டளையாலும் செப்பனிடப்பட்டு, 2016ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

முக்கியத் திரைப்படங்கள்

1925 – ஊரின் பாட்டு
1933 – தாக்கி நோ ஷிராய்தோ (வெள்ளருவி)
1935 – ஒரிசுரு ஓசென் (காகிதக்கொக்கு ஓசென்)
1936 – நானிவா எரெஜி (ஒசாக்கா இரங்கற்பா)
1936 – கியோன் சகோதரிகள்
1939 – கடைசிச் செவ்வந்திகளின் கதை
1941–1942 – கென்ரோக்கு சூஷிங்குரா (இரு பாகங்கள்)
1946 – உத்தமாரோவும் ஐந்து பெண்களும்
1948 – இரவுப் பெண்கள்
1952 – ஓஹாருவின் வாழ்க்கை
1953 – உகெத்சு மொனொகத்தாரி (மழைநிலாக் கதைகள்)
1954 – சான்ஷோ தாயூ (கண்காணிப்பாளன் சான்ஷோ)
1954 – சிக்காமாட்சு மொனொகத்தாரி
1955 – யாங் குவேய்-பெய்
1955 – புதிய ஹெய்கே கதை
1956 – அகாசென் சித்தாய் (செங்கோட்டுப் பகுதி)